சொப்பன சுந்தரி காரும், ரஷ்யாக்காரன் வோல்காவும், மாமனாரின் பத்மினியும்

நம்ம ஊர் சினிமாவில் பழைய கார் வந்தால் அது காமெடிக்குத்தான் வரும். ஹீரோ புதுக் காரில் வருவார், வில்லன் அதைவிடப் பெரிய காரில் வருவார், காமெடியன் தள்ளிக்கொண்டு வருவார். ஐம்பது அறுபது வருஷமாக இதுதான் நடைமுறை. நாமும் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். நாம் சிரித்தது காரைப் பார்த்தா, தள்ளுகிறவனைப் பார்த்தா என்று எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம். அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். கொஞ்சம் நீளம் மக்களே, காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் கரகாட்டக்காரன். 1989-ல் வந்த படம். கங்கை அமரன் இயக்கம், ராமராஜன், கனகா, கவுண்டமணி, செந்தில், கோவை சரளா. மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். கதை என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. வாழைப்பழமும் காரும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கரகாட்டக் குழு ஒரு பழைய பெரிய வெளிநாட்டுக் காரில் ஊர் ஊராகப் போகிறது. அதாவது கார் இவர்களைக் கூட்டிப் போவதைவிட இவர்கள் காரைக் கூட்டிப் போவதுதான் அதிகம். அந்தக் கார் ஒரு காலத்தில் சொப்பன சுந்தரி வைத்திருந்தது என்று கவுண்டமணி பெருமையாகச் சொல்ல, கார் இப்போது நம்மிடம் இருக்கிறது, அப்படியானால் அந்த அம்மா இப்போது யாரிடம் என்று செந்தில் கேட்க, விழுகிறது அடி. வசனத்தை எழுத வேண்டியதே இல்லை. படிக்கும்போதே உங்கள் மண்டைக்குள் கவுண்டமணி குரலில் ஓடியிருக்கும்.

பேங்க்காரன் கண்ணோடு இந்த சீனைப் பாருங்கள். கவுண்டமணி செய்வது என்ன? ஓடாத ஒரு சொத்தை வாங்கிவிட்டார். அதன் மதிப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். இன்ஜினைக் காட்ட முடியாது, டயரைக் காட்ட முடியாது. அதனால் முந்தைய ஓனர் பேரைச் சொல்கிறார். இதையேதான் வெளிநாட்டில் ஏல கம்பெனிக்காரர்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். இன்ன மகாராஜா வைத்திருந்த ரோல்ஸ் ராய்ஸ், இன்ன நடிகர் ஓட்டிய போர்ஷே என்றால் விலை பல மடங்கு. கவுண்டமணி செய்தது நூற்றுக்கு நூறு சரியான வியாபாரம். செந்தில் கேட்டது, அந்த வியாபாரத்தின் அடியில் ஒளிந்திருந்த கேள்வி. அதனால்தான் அடி.

போன பொங்கல் லீவில் டிவியில் இந்த சீன் ஓடிக்கொண்டிருந்தது. என் பெரிய பெண் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் கேள்வி கேட்பாள். "அப்பா, அந்த சொப்பன சுந்தரி படத்துல எப்ப வருவாங்க?" என்றாள். வரமாட்டாங்கம்மா என்றேன். "அவங்க காரை வித்துட்டாங்க, அவ்வளவுதானே? அதுக்கு ஏன் அவங்களைப் பத்திக் கேக்கறாங்க?" தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா கேளு, பதில் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். படம் முழுக்க வராத ஒரு பெண். அவள் செய்த ஒரே காரியம் கார் வைத்திருந்தது. அந்தக் காலத்தில், கிராமத்துப் பக்கம், தன் பேரில் கார் வைத்திருந்த பெண் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அவள் எப்படி வாங்கினாள், ஏன் விற்றாள், விற்கும்போது மனசு என்ன பாடுபட்டது, எதுவும் நமக்குத் தெரியாது. கார் கைமாறினால் அவளும் கைமாறியிருக்க வேண்டும் என்று மட்டும் நமக்குத் தெரிந்துவிட்டது. நானும் சின்ன வயசில் விழுந்து விழுந்து சிரித்தவன்தான், இன்றைக்கும் கவுண்டமணி முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. அந்த டைமிங் அப்படி. படத்தைத் தடை செய்யணும், மன்னிப்புக் கேட்கணும் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. 'செகண்ட் ஹேண்ட்' என்ற வார்த்தைக்கு நம்ம ஊரில் எவ்வளவு அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்கிறேன், அவ்வளவுதான். 2023-ல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து 'சொப்பன சுந்தரி' என்றே ஒரு படம் வந்தது. அதுவும் ஒரு காரைச் சுற்றிய கதைதான், பரிசாக விழுந்த புதுக் கார். முப்பத்து நாலு வருஷம் கழித்தும் அந்தப் பேரைச் சொன்னால் கார்தான் ஞாபகம் வருகிறது பாருங்கள்.

இப்போது ரஷ்யா பக்கம் போவோம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேனில் வந்த சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்த கூட்டத்தின் கடைசி வரிசையில் நானும் உண்டு. வழுவழு தாள், அஞ்சு ரூபாய் விலை. அந்தப் பாசத்தில், லாக்டவுன் நேரத்தில் மாஸ்ஃபிலிம்காரர்கள் இணையத்தில் இலவசமாக ஏற்றி வைத்திருக்கிற பழைய காமெடிப் படங்களை சப்டைட்டிலோடு வரிசையாகப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால் அங்கேயும் பழைய காமெடியில் கார்தான் ஹீரோ. ஆனால் சிரிப்பு வேறு திசையில் போகிறது.

1966-ல் எல்தார் ரியாசனவ் எடுத்த ஒரு படம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கார் ஜாக்கிரதை' என்று வரும். ஹீரோ தெத்தோச்கின் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். நம்ம எல்.ஐ.சி. ஏஜெண்ட் மாதிரி வெள்ளந்தியான மனுஷன். ராத்திரியில் கார் திருடுவார். எல்லார் காரையும் இல்லை. லஞ்சத்திலும் கள்ள வியாபாரத்திலும் கார் வாங்கினவன் காரை மட்டும். திருடியது 'வோல்கா 21'. அந்தக் காலத்து சோவியத்தில் சாதாரணச் சம்பளக்காரன் கனவில் மட்டும் ஓட்டக்கூடிய வண்டி. அதை விற்று வரும் பணத்தை அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார். தன் போக்குவரத்துச் செலவை மட்டும் கழித்துக்கொள்வார். அந்த இடத்தில் எழுந்து நின்று கை தட்டினேன். திருட்டிலும் டி.ஏ. கணக்கு ஒழுங்காக எழுதுகிற மனுஷனை பி.காம். படித்தவன் எப்படி வெறுக்க முடியும்? (நம்ம ஷங்கரின் ஜென்டில்மேன் 1993. அதற்கு 27 வருஷம் முன்னாடியே மாஸ்கோவில் ஒரு ஜென்டில்மேன் இருந்திருக்கார்.)

அந்தப் படத்தில் இன்னொரு ஆள். பழைய பொருட்களைக் கமிஷனுக்கு விற்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அடியில் கள்ளச் சரக்கு விற்கிறவன். அவனுடைய மாமனார் அவனைப் பார்த்துக் கத்துகிற சீன் ஒன்று உண்டு. கார் பெண்டாட்டி பேரில், தோட்ட வீடு மாமனார் பேரில், உன் பேரில் என்னடா இருக்கிறது, நீ ஓட்டாண்டி என்று! வங்கியில் லோன் ஃபைல் பார்க்கிற யாரும் அந்த சீனுக்குச் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகும். பினாமிக்கு மொழி கிடையாது.

1969-ல் வந்த 'வைரக் கை' இன்னொரு பெரிய ஹிட். அதில் கடத்தல் கும்பல் தலைவன் ஓட்டுகிற மாஸ்க்விச் காரை ஹெலிகாப்டரில் கொக்கி போட்டு அப்படியே தூக்குவார்கள். இல்ஃப், பெத்ரோவ் இரட்டையர் எழுதிய 'தங்கக் கன்று' நாவல் (1931-ல் வந்தது, 1968-ல் படமானது) இதற்கெல்லாம் தாத்தா. அதில் ஒரு அப்பாவி, ஓட்டை உடைசல் கார் ஒன்றைச் சரி பண்ணி சின்ன ஊரில் டாக்ஸி விடுகிறான். ஊரில் ஒருத்தனும் ஏற மாட்டான், காசு கிடையாது. ஏறுகிறவன் எல்லாம் ஆபீஸ் பணத்தைக் கையாடல் பண்ணினவன்! சவாரி ஜோராகப் போகும், கொஞ்ச நாளில் சவாரி போனவன் கோர்ட்டில் நிற்பான், டிரைவர் சாட்சி சொல்லப் போவான். பேங்க் ஆடிட்டர் யாராவது இதைப் படித்தால் அந்த டிரைவரை விஜிலென்ஸ் டிபார்ட்மென்டில் வேலைக்குச் சேர்த்துவிடுவார்.

ஆக, அங்கே கேள்வி 'உனக்கு எப்படிடா கார் வந்தது?'. இங்கே கேள்வி 'உன் காரை ஏன்டா தள்ளுறே?'. அங்கே சிரிப்பு கார் வைத்திருக்கிறவன் மேல். இங்கே சிரிப்பு நல்ல கார் வைத்திருக்க முடியாதவன் மேல். எனக்குப் பிடிக்காதது இந்த இடம்தான்.

அவங்க கம்யூனிஸ்ட், அதான் பணக்காரனைக் கிண்டல் பண்றாங்க என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் கார் விஷயத்தில் நாமும் அவர்களும் கிட்டத்தட்ட ஒரே கிணற்றுத் தவளைகள்தான். அங்கே அரசாங்கம் எத்தனை கார் தயாரிக்கலாம் என்று திட்டம் போட்டது, ஜனங்கள் பேர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே லைசென்ஸ் ராஜ்யம். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், நம்ம வண்டலூரில் ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற அழகான கார் மெட்ராஸில் தயாரானது என்றால் என் பெண் நம்ப மாட்டேன் என்கிறாள். பணம் கட்டிவிட்டு இங்கேயும் வருஷக்கணக்கில் தவம்.

சொந்தமும் இருக்கிறது. சோவியத் அரசு 1966-ல் இத்தாலி ஃபியட்டோடு ஒப்பந்தம் போட்டு, ஃபியட் 124-ஐ அடிப்படையாக வைத்து, வோல்கா நதிக்கரையில் தோல்யாத்தி நகரத்துத் தொழிற்சாலையில் 1970-ல் ஜிகுலி காரைக் கொண்டுவந்தது. ஊர்ப் பேரே ஒரு இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பேர். அதே ஃபியட் 124 உடம்புக்கு நிஸான் இன்ஜின் வைத்து 1985-ல் பம்பாய் பிரீமியர் கம்பெனி '118 என்.இ.' என்று விட்டது. உங்க ஊர் டாக்டரோ வக்கீலோ யாராவது வைத்திருந்திருப்பார்கள், ஞாபகப்படுத்திப் பாருங்கள். பத்மினி இன்னும் மூத்தது, ஃபியட் 1100 வம்சம். ஆக ரஷ்யாக்காரன் ஜிகுலியும் நம்ம 118-ம் ஒரே பாட்டி வீட்டுப் பேரன்கள். ஒரே க்யூ, ஒரே பற்றாக்குறை, ஒரே இத்தாலிய பாட்டி. சிரிப்பு மட்டும் வேற வேற!

இந்தியா முழுக்கவே இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 1958-ல் ஒரே வருஷத்தில் இரண்டு படம். பம்பாயில் 'சல்தி கா நாம் காடி'. அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் மூன்று சகோதரர்களும் மெக்கானிக்குகள், கூடவே 1928 மாடல் செவர்லே ஒன்று. வருமான வரிக்கு நஷ்டம் காட்டத்தான் கிஷோர் அந்தப் படத்தை எடுத்தார், பாழாய்ப்போன படம் ஓடித் தொலைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, வரித்துறையில் இருக்கிற என் நண்பர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. அதே வருஷம் வங்காளத்தில் ரித்விக் கட்டக் எடுத்தது 'அஜாந்திரிக்'. ஒரு டாக்ஸி டிரைவர், ஜகத்தல் என்று பேர் வைத்த பழைய செவர்லே. ஊரே கேலி செய்யும், அவன் அந்தக் காரோடு பேசுவான், கோவித்துக்கொள்வான், தண்ணீர் ஊற்றிச் சமாதானம் செய்வான். கடைசியில் கார் இரும்பு விலைக்குப் போய்விடுகிறது. ஒரு குழந்தை அதன் ஹாரனை எடுத்து அமுக்கி விளையாடுகிறது. அதோடு நான் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நம்ம பக்கம் 1966-ல் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'. ஒரு பஸ், அதில் ஏறுகிற விதவிதமான மனிதர்கள், கண்டக்டராக நாகேஷ். அதைத்தான் இந்திக்காரர்கள் 1972-ல் 'பாம்பே டு கோவா' ஆக்கினார்கள். இந்த விஷயத்தில் கொடுத்தது நாம், வாங்கியது அவர்கள். 2002-ல் 'சுந்தரா டிராவல்ஸ்', மலையாளத்தில் 2001-ல் வந்த 'ஈ பறக்கும் தளிக'யின் தமிழ். முரளியும் வடிவேலுவும் ஒரு ஓட்டை பஸ்ஸும். அந்த பஸ்ஸே, அப்பா விபத்தில் இறந்ததற்கு நஷ்டஈடாக வந்தது. நஷ்டஈடே நஷ்டத்தில் ஓடுகிறது! வெளிநாடு போகக் காத்திருக்கும் வடிவேலுவின் பாஸ்போர்ட்டை எலி தின்றுவிடும். வளைகுடாவில் இருக்கிற என் நண்பன் ஒருவனால் இன்று வரை அந்த சீனுக்குச் சிரிக்க முடியாது. கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

நம்மவர்கள் பழைய காரை மரியாதையாகப் பார்க்க 2014 வரை ஆகியிருக்கிறது. அருண்குமாரின் 'பண்ணையாரும் பத்மினியும்'. ஜெயப்பிரகாஷ் பண்ணையார், துளசி அவர் மனைவி, விஜய் சேதுபதி டிரைவர். நண்பர் விட்டுவிட்டுப் போன பிரீமியர் பத்மினி. கல்யாண நாளன்று நீங்களே ஓட்டிக் கூட்டிப் போங்க என்று மனைவி கேட்க, அந்த வயசில் பண்ணையார் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். படத்தில் சிரிப்பு நிறைய. ஆனால் காரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, காரோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை என்பது வேறு கதை. இங்கே கன்னடத்திலும் 2019-ல் ஜக்கேஷ் நடித்து 'பிரீமியர் பத்மினி' என்றே ஒரு படம் வந்தது. பக்கத்து வீட்டு கன்னடக்காரரோடு பேச வேறு விஷயம் இல்லையென்றால் பத்மினி பற்றிப் பேசலாம், மூணு மணி நேரம் போகும். நான் பேசியிருக்கிறேன்.

சரி, இந்த சினிமாவெல்லாம் இப்போ எதுக்கு? என் மேஜைக்கு வருகிற ஃபைல்களைப் பார்த்தால் புரியும்.

பெங்களூரில் வேலைக்கு வந்த நம்ம பசங்க. ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளம், ஓசூர் ரோட்டிலோ வொயிட்ஃபீல்டிலோ ஃப்ளாட், அதற்கு ஒரு கடன். கல்யாணமான மறு வருஷம் கார் லோனுக்கு வருவார்கள். பன்னிரண்டு லட்சம், ஏழு வருஷம், 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 19,307 ரூபாய். 84 மாசம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 16 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். வட்டி மட்டும் நாலு லட்சத்தைத் தாண்டும். தம்பி, தினமும் ஆபீஸுக்கு மெட்ரோவில் போறீங்க, சனி ஞாயிறுக்குத்தான் கார், நாலு வருஷம் ஓடின நல்ல வண்டி பாதி விலைக்குக் கிடைக்குமே என்பேன். (இதை மேனேஜர் காதில் போட்டுவிடாதீர்கள், எனக்கும் டார்கெட் உண்டு.) பையன் யோசிப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாவோ மாமனாரோ உடனே சொல்வார்: "சார், ஊருக்குப் போய் இறங்கும்போது யார் வச்சிருந்த வண்டின்னு கேப்பாங்க."

கேட்டீங்களா? சொப்பன சுந்தரி! 1989-ல் செந்தில் கேட்ட கேள்விக்குப் பயந்து இன்றைக்கும் ஒரு குடும்பம் வருஷத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் கட்டுகிறது. இது என் ஊகம்தான், புள்ளிவிவரம் எல்லாம் கிடையாது. ஆனால் இருபது வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் ஊகம்.

இன்னொரு ஃபைல் என் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல்லில் என் மாமனாரின் பிரீமியர் பத்மினி, 1986 மாடல், வெள்ளை. தங்கமணி பள்ளிக்கூடம் போனது, எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது எல்லாம் அதில்தான். மாமாவுக்கு வயது 78. இன்றும் காலையில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட விட்டு அணைப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெயின் ரோடு வரை. அமெரிக்காவில் இருக்கிற மச்சினன் வீடியோ காலில் வந்து, "மச்சான், அதை ஸ்கிராப்புக்குக் கொடுத்துடுங்க, அப்பாவுக்கு சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கிடலாம், பணம் நான் அனுப்பறேன்" என்கிறான். பிள்ளை மேல் தப்பில்லை. அவன் பயம் பிரேக் பற்றியது. மாமா பேச்சு நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறார். போய் காரைத் துடைக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். சொந்த உபயோகக் காருக்கு 15 வருஷம். அதற்கு மேல் ஐந்து ஐந்து வருஷமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷத்தைத் தாண்டிய காருக்கு 10,000 ஆனது. பசுமை வரி தனி. டெல்லி மாதிரி வயசை வைத்து விரட்டுகிற உத்தரவு நம்ம பக்கம் இல்லை, ஃபிட்னெஸ் தேறினால் ஓட்டலாம். இன்னொரு பக்கம் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகி, அடிப்படை மாறாமல் இருந்தால் அது பாரம்பரிய வாகனம். 'வி.ஏ.' எழுத்தோடு தனி நம்பர். கண்காட்சி, அணிவகுப்புக்கு எடுத்துப் போகலாம், தினசரி ஓட்டக் கூடாது. (சொப்பன சுந்தரி கார் இன்றைக்கு அப்படியே இருந்தால் அதற்கு வி.ஏ. நம்பர் கேட்கலாம். தள்ளிக்கொண்டு அணிவகுப்பில் போகலாமா என்பதை ஆர்.டி.ஓ.தான் சொல்லணும்.)

மாமாவின் பத்மினி விண்டேஜ் ஆக 2036 வரை காத்திருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் கிழவன், 50 வயதில் திடீரென்று மகாராஜா, நடுவில் 35 வருஷம் குற்றவாளி மாதிரி அபராதக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கணும். இந்த இடைவெளிதான் எனக்குச் சரியாகப் படவில்லை. புகை, பிரேக், சேஸிஸ் மூன்றையும் கறாராகச் சோதியுங்கள், தேறாததை நசுக்குங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. மாசத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற, சோதனையில் தேறிய வண்டிக்கும், தினமும் 200 கிலோமீட்டர் கரும்புகை கக்குகிற வண்டிக்கும் வயசை மட்டும் பார்த்து ஒரே கட்டணம் என்றால் அது என்ன கணக்கு? ஓடின கிலோமீட்டரை வைத்துக் கட்டணம் போடலாமே. கொள்கை வகுக்கிறவர்கள் யாரும் காமர்ஸ் படிக்கவில்லையா? படித்திருப்பார்கள். ஐம்பது வருஷம் காரை மறைப்பில் வைத்துக் காப்பாற்ற ஜமீனுக்கும் தொழிலதிபருக்கும்தான் முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. ரிட்டயர்டு வாத்தியாரின் பத்மினி ஐம்பதைத் தொடாமலேயே புதுப்பேட்டையிலோ இங்கே சிவாஜிநகரிலோ கதவு தனியாக, ரேடியேட்டர் தனியாகத் தொங்கும்.

காரை பெங்களூருக்குக் கொண்டு வந்துவிடலாமா என்றும் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடக ஆயுள் வரி கட்டணும், அதற்கு முன்னால் ஊரில் என்.ஓ.சி. வாங்கணும். அதைவிடப் பெரிய சிக்கல் பார்க்கிங். அடுக்குமாடியில் எனக்கு ஒரே ஒரு இடம், அதில் என் பத்து வயசு மாருதி நிற்கிறது. ஆமாம், அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். முந்தைய ஓனர் ஒரு பல் டாக்டர் அம்மா. நன்றாகவே வைத்திருந்தார்கள், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் ஃபைல் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

புத்தகக் கணக்குப்படி பார்த்தால், இன்றைய வருமான வரி விதிப்படி காருக்குத் தேய்மானம் 15 சதவீதம், வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் கழிக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் காரை இப்படி 40 வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் நிற்பது சுமார் 150 ரூபாய். எங்க பிரான்ச் வாசலில் நாலு தோசை, நாலு காபி. ஆனால் இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. கல்லூரியில் இதைச் சொன்ன கணக்குப்பதிவியல் பேராசிரியர், ஏன் சார் என்று கேட்டதற்கு, பொருள் கையில் இருக்கிற வரைக்கும் அப்படித்தான்ப்பா என்றார்.

மச்சினனிடம் போன வாரம் பேசிவிட்டேன். பத்தாயிரம் நான் கட்டுகிறேன். ஃபிட்னெஸுக்கு முன்னால் பிரேக் முழுக்கப் புதுசாக மாற்ற வேண்டும், அது அவன் செலவு. சாமான் இங்கே ஜே.சி. ரோட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மாமா ராத்திரியில் எடுக்கக் கூடாது, பைபாஸ் போகக் கூடாது, பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது. மூன்றுக்கும் சரி என்று சொன்னார். மூன்றாவதுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "ஆளுன்னா உங்க அத்தை வந்தாப் போதுமா மாப்ள?" என்று கேட்டார்.

போதும் என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் மச்சினன் வருகிறான். அவன் முன்னால் உட்கார்ந்து அப்பாவை ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பார்க்கட்டும். நாங்கள் பின்னால் உட்கார்ந்துகொள்கிறோம், தேவைப்பட்டால் இறங்கித் தள்ள வசதியாக.